எங்கள் அப்பா தள்ளாத டிராலி

பேய் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வரிசையில் நில்லுங்கள். பேய்க்கு மதிய உணவு இடைவேளை உண்டு. பொழுது சாய்ந்தால் பேய் இல்லை. கடைசிப் பேருந்து போய்விடும், கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லாத இடத்தில் பேய்க்கு என்ன வேலை?

அந்த ஆளில்லாத ஊரில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் சுரங்கம் இருந்த ஊர். சுரங்கத்துக்காக ரயில், ரயிலுக்காக ஸ்டேஷன், ஸ்டேஷனுக்காக ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். தோண்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது சுரங்கத்தை மூடினார்கள். சுமப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது ரயிலை நிறுத்தினார்கள். ஜனங்கள் கதவு, ஜன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வேறு ஊர் பிழைக்கப் போனார்கள். சரக்குத் தீர்ந்த கடையை இழுத்து மூடுவதில் என்ன மர்மம் இருக்க முடியும்? ஆனால் கூரையில்லாத நாலு சுவர், புல் முளைத்த நடைமேடை, துருவேறிய தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்த்துவிட்டால் நம் மக்களுக்கு உடனே ஒரு பேய் தேவைப்படுகிறது. தேவை என்று ஒன்று இருந்தால் விற்பதற்கு ஒருவன் வராமலா போவான்?

வந்தான். தலையில் ரயில்வே தொப்பி, கழுத்தில் விசில், கையில் கீச்சுக் கீச்சென்று கத்தும் ஒரு கறுப்புப் பெட்டி. மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டால் இந்தக் காலத்தில் படித்தவர்கள் வர மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் 'ஆவி ஆய்வாளர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். படித்தவர்கள் காரில் வந்தார்கள்.

அவன் காட்டிய அற்புதம் ஒரு டிராலி. தண்டவாளத்தைப் பழுது பார்ப்பவர்கள் முன்பு உட்கார்ந்து போவார்களே, நாலு சக்கரமும் பலகையும் கொண்ட அந்த வண்டிதான். ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப் பாலம் வரை கூப்பிடு தூரம். இருபுறமும் மலையை வெட்டி, நடுவில் தண்டவாளம். ஸ்டேஷனில் நின்று பார்த்தால் பாதை பாலத்தை நோக்கி மேடாக ஏறுவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். டிராலியில் ஆட்களை ஏற்றி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்துவிடுவான். தள்ள ஆள் இல்லை. இழுக்கக் கயிறு இல்லை. வண்டி தானாகவே அந்த மேட்டில் ஏறும்!

ஏறும்போது ஆய்வாளர் மைக்கில் கதை சொல்லுவான்.

"கேட்டுக்குங்க! ஒரு ராத்திரி, இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கு முட்டக் குடிச்சிருந்தார். நின்னுக்கிட்டிருந்த வேகனுக்குக் கட்டை வைக்க மறந்துட்டார். ஸ்டேஷன்ல நின்ன வேகன் தானா உருள ஆரம்பிச்சுது. கடகடன்னு இறக்கத்துல ஓடுச்சு. பாலத்து மேல நடந்துக்கிட்டிருந்த சுரங்கத் தொழிலாளிங்க..."

இந்த இடத்தில் நிறுத்தி விசில் ஊதுவான். விசிலுக்கு அழுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

"அந்தப் பாவத்துக்குத்தான் அவரோட ஆவி இன்னிக்கும் உங்களை மேட்டுல தள்ளிக்கிட்டுப் போய், பாலத்துல நிறுத்தி, மன்னிப்புக் கேக்குது! கையெடுத்துக் கும்பிட்டுக்குங்க!"

கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு ஆவி தொட்ட ஜல்லிக்கல்லையும் வாங்கிக்கொண்டார்கள். பாதையில் கிடந்த ஜல்லியெல்லாம் விற்றுத் தீர்ந்தபோது குவாரியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. லாரியிலிருந்து கொட்டும்போதே ஆவி தொட்டுவிட்டதாம். அவ்வளவு சுறுசுறுப்பு.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முன்கோபக்காரர்கள் உண்டு. சீட்டாடித் தோற்ற சித்தப்பா ஒருவர் உண்டு. குடித்துவிட்டு வேலை பார்த்தவர் கிடையாது. டியூட்டியில் இருக்கும்போது அப்பா டீ குடிப்பதற்கே இரண்டு முறை யோசிப்பார். அங்கே எந்த வேகனும் உருளவில்லை, எவரும் சாகவும் இல்லை. லைனை மூடிய பிறகு அவர் வேறு ஸ்டேஷனில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இருமி இருமி, எங்கள் வீட்டுக் கட்டிலில் நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடினார். அப்படிப்பட்ட மனிதரை வாராவாரம் டிராலி தள்ள வைத்துவிட்டான் பாவி.

ஊரார் நம்பியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் சின்னவன் நம்பினான்.

சின்னவன் என்பவன் என் தம்பி. பேரன் பேத்தி எடுத்தவன், ஆனால் எங்களுக்கு இன்னும் சின்னவன்தான். அவனுக்கு ரொம்ப நாளாக இடுப்பு வலி. ஆய்வாளர் அந்தக் கறுப்புப் பெட்டியை இடுப்பருகே கொண்டுபோனான். பெட்டி கத்தியது. "உங்கப்பாதான் இடுப்புல உக்காந்திருக்கார். குடும்பத்து சார்பா பாலத்துல நின்னு, ஜனங்க முன்னாடி அவர் பாவத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளுங்க. இறங்கிடுவார்," என்றான். தம்பி சம்மதித்துவிட்டான். அடுத்த ஞாயிறு 'மாஸ்டரின் மகனே மன்னிப்புக் கேட்கிறார்' என்று விளம்பரமும் போட்டுவிட்டார்கள்.

செய்தி கேட்டு நான் கொதித்தேன். அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எங்கள் மூவரில் மூத்தவள் அவள். தலை நரைத்த என்னை 'டேய்' போட்டுக் கூப்பிடும் ஒரே ஆள்.

"அக்கா, மானம் போகுது. சொந்தப் பிள்ளையே அப்பாவைக் குடிகாரன்னு சொல்லப் போறான்!"

"எத்தனை மணிக்கு?"

"மணியா இப்ப முக்கியம்?"

"மணி தெரிஞ்சாத்தானேடா பஸ் பிடிக்க முடியும். ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்க. எனக்குத் தாகம் எடுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தோம். நடைமேடையில் எள் போட்டால் எள் விழாது. தம்பி டிராலியில் ஏறுவதற்குத் தயாராக, தலையைக் குனிந்து நின்றான். நான் நேராக அவனிடம் போனேன்.

"கீழ வாடா! அப்பா பேரைச் சந்தி சிரிக்க வைக்காத!"

"அண்ணே, உனக்கு இடுப்பு வலிச்சாத்தான் தெரியும்."

"இது மோசடி! இந்த ஆள் ஒரு புளுகன்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைத்தடியை ஓங்கினேன்.

ஆய்வாளர் பதறவில்லை. பெட்டியை என் பக்கம் நீட்டினான். அது கத்தியது. "பாருங்க, மூத்த மகன்! பாவம் அவர் வாயால பேசுது!" என்றான்.

கூட்டம் என்னைப் பார்த்து "உச்" கொட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயோ பாவம், இந்தப் பெரியவருக்கும் முத்திப்போச்சு" என்றது. நான் நிமிர்ந்த முதுகோடு நின்றேன். அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி ஆய்வாளரே, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கதையை இன்னொரு தடவை சொல்லுங்க. வேகன் எங்க நின்னுது?"

"ஸ்டேஷன்ல, அம்மா."

"தானா உருண்டு எங்க போச்சு?"

"பாலத்துக்கு."

"ஏறிப் போச்சா, இறங்கிப் போச்சா?"

"இறங்கித்தான். வேகன் தானா எப்படிம்மா ஏறும்?" கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

"அதானே! இப்ப இந்த டிராலி?"

"அது மேட்டுல ஏறிப் போகுது. ஆவி தள்ளுது."

"எங்க போகுது?"

"பாலத்துக்..."

அவன் கை கழுத்திலிருந்த விசிலைத் தேடிப் போனது.

"அதே ஸ்டேஷன், அதே பாலம். நடுவுல ஒரே தண்டவாளம்," என்றாள் அக்கா. "வேகன் போறப்ப இறக்கம், டிராலி போறப்ப ஏத்தமா? பாலம் பள்ளத்துல இருக்கா, மேட்டுல இருக்கா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டு எங்கப்பாவைக் குடிகாரன்னு சொல்லுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. இத்தனை வாரமும் அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள்தாம் அத்தனை பேரும்.

"அப்போ பள்ளமா இருந்துச்சு," என்றான் ஆய்வாளர். "சாபத்துக்கு அப்புறம் பூமியே மேடாயிடுச்சு!"

சிலர் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

"நல்லது. இப்ப மேடுன்னு சொல்றீங்க, அதையே பாத்துடுவோம்," என்ற அக்கா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பாதித் தண்ணீரைக் குடித்தாள். மீதியை மூடி, படுக்கவைத்துத் தூக்கிக் காட்டினாள். "எல்லாரும் பாருங்க. இந்தப் பக்கம் தூக்கினா உள்ள இருக்கற காத்து இந்தப் பக்கம் வருது. அந்தப் பக்கம் தூக்கினா அந்தப் பக்கம் போகுது. எது மேடோ அங்கதான் காத்து நிக்கும். இதுல மந்திரம் ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றது கூட்டம்.

பாட்டிலை டிராலிப் பலகைமேல், தண்டவாளத்தின் போக்கிலேயே படுக்கவைத்தாள். பாலம் மேடு என்றால் காற்று பாலத்துப் பக்கம் போக வேண்டும். போகவில்லை. அந்தக் குமிழி நேராக ஸ்டேஷன் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் தன் பாட்டிலை எடுத்துத் தண்டவாளத்தின்மேல் வைத்துப் பிடித்தார். ஸ்டேஷன் பக்கம். ஒரு அம்மாள் குளிர்பானப் பாட்டிலை வைத்தாள். அதுவும் ஸ்டேஷன் பக்கம். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் குனிந்துவிட்டார்கள். இதுவரை கும்பிடுவதற்கு மட்டுமே குனிந்த கூட்டம் முதல் தடவையாகப் பார்ப்பதற்குக் குனிந்தது.

கண்ணைத்தான் ஏமாற்றியிருக்கிறது அந்த இடம். இரண்டு பக்கமும் மலைச்சரிவு வேகமாக இறங்குகிறது. நடுவில் தண்டவாளம் மெதுவாக இறங்குகிறது. வேகமாக இறங்குவதன் பக்கத்தில் மெதுவாக இறங்குவது ஏறுவதுபோலத் தெரியும். போதாததற்கு ஆய்வாளர் வேலிக்கம்புகளை வேறு சாய்த்து நட்டு வைத்திருந்தான்.

"தண்ணியையும் ஆவிதான் தள்ளுது!" என்று அவன் கத்தினான்.

"அடேங்கப்பா, எங்கப்பாவுக்கு ஓய்வே கிடையாது போல," என்றாள் அக்கா. "சரி, எல்லாரும் பாலத்துக்கு வாங்க. நானும் சின்னவனும் வண்டியில வர்றோம்."

டிராலி வழக்கம்போலப் பாலத்துக்குப் போய்த் தடுப்பில் முட்டி நின்றது. கூட்டம் பின்னாலேயே ஓடி வந்தது. அக்கா வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"ஆய்வாளரே, இது மேடு. ஸ்டேஷன் கீழ இருக்கு. அப்படித்தானே?"

"ஆ... ஆமா."

"மேட்டுல ஏறத்தான் ஆவி வேணும். இறக்கத்துல இறங்க அது எதுக்கு? கட்டையை எடுங்க. வண்டி தானா ஸ்டேஷனுக்கு ஓடட்டும்."

கட்டையை எடுத்தார்கள். வண்டி அசையவில்லை. கண்ணாடிக்காரர் ஸ்டேஷன் பக்கமாக ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். நாலடி போன டிராலி, ஏதோ மறந்துவிட்டதுபோல, பாலத்துக்கே திரும்பி வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாராவாரம் ஜனங்களைப் பாலத்தில் இறக்கி, பாழடைந்த வீடுகளைப் பார்க்க வேறு வழியாக நடத்திக்கொண்டு போனானே, எதற்கு என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அந்த நேரத்தில் அவனுடைய ஆட்கள் நாக்குத் தள்ள வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புவார்கள்.

ஆய்வாளர் மைக்கைத் தம்பி கையில் திணித்தான். "பேசுங்க சார், மன்னிப்பைக் கேளுங்க, உங்க இடுப்பை நினைச்சுப் பாருங்க," என்று கெஞ்சினான்.

தம்பி மைக்கை வாங்கினான். அவன் வண்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஸ்டேஷன் மாஸ்டரோட கடைசிப் பையன்," என்றான். "தள்ளுற ஆவி பொய்னா அந்த விபத்தும் பொய்தான். இந்தப் பாலத்துல யாரும் சாகல. எங்கப்பா குடிக்கல. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்தப் பாலத்துல நடந்தவர் அவர். என் இடுப்புல ஏறி உக்கார மாட்டார். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். கேக்கறேன். எங்கப்பாகிட்ட." கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். "இடுப்பு வலி என்னோடது. அது இருக்கட்டும். பழி வேண்டாம்."

நான் அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்ல நினைத்தேன். அவன் தோளைத் தட்டினேன். "வலிக்குது அண்ணே," என்றான்.

"கிளம்பலாமா?" என்றாள் அக்கா, டிராலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "கால் வலிக்குது, நடக்க முடியாது. ஆய்வாளரே, வாங்க. ஸ்டேஷன் வரைக்கும் தள்ளுங்க. இறக்கம்தானே!"

தள்ளினான். கூட்டம் இரண்டு பக்கமும் நடந்து வர, தொப்பி நழுவ, மூச்சு இரைக்கத் தள்ளினான். பாதித் தூரத்தில் சட்டை நனைந்துவிட்டது. "நான் கொஞ்சம் கனம்தான், தம்பி. மெதுவாவே தள்ளுங்க," என்று அக்கா ஆறுதல் சொன்னாள். ஸ்டேஷன் வந்ததும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "மேடும்மா... பயங்கர மேடு," என்று முனகினான். அந்த ஆள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அதுதான்.

பஸ்ஸுக்கு நிற்கையில் அந்தக் கண்ணாடிக்காரர் என் பக்கத்தில் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"பெரியவரே, நல்லவேளை கண்ணைத் திறந்துவிட்டீங்க. இது சுத்தப் பொய். ஆனா பழைய ஜங்ஷன்ல துருப்பிடிச்ச எஞ்சின் ஒண்ணு தானா விசில் அடிக்குதாம். அதுதான் நிஜமாம். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் போறோம், வர்றீங்களா?"

"ஐயா," என்றேன், "தண்டவாளம் இரும்பு. அதுமேல எவன் வண்டியை ஏத்தினாலும் ஏன்னு கேக்காது. உங்க கழுத்துக்கு மேல இருக்கறது இரும்பு இல்லையே? நீங்களாவது கேளுங்களேன்."