சலூன் வாசலில் ஒரு ‘தி’

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். கத்தரிக்கோல் மட்டும் உன் கை படாமல் முரண்டு பிடிக்கிறது.

ஒரு ‘தி’க்காகக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவார்களா, சொல்? பெரிய ஹோட்டல், பேங்க் எல்லாம் பெயருக்கு முன்னால் ‘தி’ வைத்திருக்கிறார்களே, நாமும் ‘தி பெர்ஃபெக்ட் டெய்லர்ஸ்’ என்று இங்கிலீஷில் போட்டால் கௌரவமாக இருக்குமே என்றுதான் நினைத்தேன். நீயோ வாடிக்கையாளர் முன்னாலேயே, “‘தி’ போட்டுக்க உலகத்துலயே நாம ஒருத்தர்தான் தைக்கிறோமா அத்தான்? சிரிப்பாங்க” என்றாய். எனக்கும் சுருக்கென்றது. “கடை என்னுது” என்று வாய் தவறி வந்துவிட்டது.

நீ போன பிறகு போர்டு வந்தது. பழக்க தோஷம், சட்டைக்குச் சொல்வதுபோல இரண்டு பக்கமும் தையலுக்குக் கொஞ்சம் சேர்த்தே பெயின்டரிடம் அளவு சொல்லியிருக்கிறேன். மாட்டிப் பார்த்தால் ‘தி’ மட்டும் பக்கத்து சலூன் வாசலுக்கு மேலே நிற்கிறது. எடுக்கப் போனால் சலூன்காரர், “என் சுவத்துல இருக்கறது எனக்குத்தாண்ணே, பார்க்க லட்சணமா இருக்கு” என்கிறார். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஹோட்டல் மேனேஜர் ‘தி’யைப் பார்த்து நம் கடை என்று அங்கே நுழைந்து, நாற்காலியில் அசந்து தூங்கி, மீசையில்லாமல் என்னிடம் வந்தார். அவரைச் சமாதானப்படுத்தும் பதற்றத்தில், அன்றைக்கே கோட்டைத் தைத்துக் கொடுக்க நானே காலர் வெட்டினேன். பாவம், கழுத்தைத் திருப்ப முடியாமல் நேராகப் பார்த்தபடியே வீட்டுக்குப் போனார்.

நீ இல்லாமல் கடை கடையாகவே இல்லை. சாப்பிடும்போது உன் அக்கா என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நாளைக்கே ‘தி’யை அறுத்து எறிகிறேன். உடனே புறப்பட்டு வா.

அம்மாவுக்கு என் வணக்கம். உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு: இப்போதுதான் பட்டன் வியாபாரி வந்தார். நீ அங்கே தனிக்கடை போடுகிறாயாமே! போர்டில் முதல் வார்த்தையே ‘தி’யாமே! அடப்பாவி! உன் அக்கா அழுதுகொண்டே சிரிக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. நீ வர வேண்டாம். திறப்பு நாளன்று நாங்கள் வருகிறோம். முதல் சட்டைக்கு என்னைத்தான் அளவெடுக்க வேண்டும்.