மூன்றாம் நம்பர் ரோலருக்கு ஐந்து நட்சத்திரம்

தனக்கு நல்ல காது இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறவனை நம்பாதீர்கள். வெகுகாலம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கண் தவறு செய்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வாய் தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கலாம். காது தவறு செய்தால், என் அனுபவத்தில், ஒரு சேவல் தேவைப்படுகிறது.

நான் விமர்சகன். எதற்கு விமர்சகன் என்று கேட்டால்தான் சங்கடம். கல்யாண வீடுகளில் "இசை விமர்சகர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் விழும். உண்மையில் நான் எழுதுவது ஹார்ட்கோர் பங்க், கிரஸ்ட், கிரைண்ட்கோர் இசைத்தட்டுகளைப் பற்றி. தெரியாதவர்களுக்காக: ஹார்ட்கோர் பங்க் என்பது கோபத்தோடு வேகமாக வாசிப்பது. கிரஸ்ட் என்பது அதையே குளிக்காமல் வாசிப்பது. கிரைண்ட்கோர் என்பது அதையே கடைசி பஸ் கிளம்பிவிட்டது என்ற அவசரத்தில் வாசிப்பது. ஒரு பாட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். பாடுகிறவர் பாடமாட்டார், அடிவயிற்றிலிருந்து உறுமுவார். (என் மனைவி மல்லிகாவின் வரையறை இன்னும் சுருக்கம்: "தகர டப்பாவுக்குப் பேய் புடிச்ச மாதிரி.")

ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை. நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் வீடு. நாலைந்து நாட்டுக் கிறுக்கர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இணைய இதழில் தமிழ்ப் பக்கம் என்னுடையது. அந்தப் பக்கத்தில் நான் ராசா. மழையைப் பற்றி உரைநடைக் கவிதை எழுதிக்கொண்டிருந்த கையால் உறுமலைப் பற்றி எழுதும்போது எனக்கு இருபது வயது குறைந்துவிடும். பனி இறங்கி எதிர்மலை மறைந்துபோன காலைகளில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, உலகத்தின் இரைச்சல்களுக்கெல்லாம் நட்சத்திரம் வழங்கிக்கொண்டிருப்பேன். ஐந்து நட்சத்திரம் மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அது எனக்கு ஒரு கௌரவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் தியாகு, காலையிலேயே மூச்சு வாங்க வந்து நின்றான். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே தெரியும் ஸ்டோரில் (தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) அவன் தற்காலிக டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான ஆள். பதவியை நிரந்தரமாக்குவதா, வெளியிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதா என்று தோட்ட மானேஜரான பெரிய தொரை யோசித்துக்கொண்டிருந்த சமயம். கொழுந்து மலைமலையாய் வந்து குவிந்த மாதம் வேறு. ஒரு நாள் கொழுந்து கெட்டால் தொரைக்கு யோசனை தேவைப்படாது.

"மச்சான், மூணாம் நம்பர் ரோலர் என்னமோ அலறுது. ஹட்டன் அந்தோணி பாஸ் சத்தத்தை ரெக்கோட் பண்ணி அனுப்பச் சொல்றாரு. என் போன்ல மைக் செத்துப்போச்சு. உங்க போனை ஒருக்கா குடுங்க."

கொடுத்தேன். கீழே ஓடினான். (ரோலர் என்பது கொழுந்தை உருட்டிக் கசக்கும் மிஷின், அந்தோணி பாஸ் அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்.) அரை மணியில் திரும்பி வந்தான். ஸ்டோரில் சிக்னல் கிடையாது. எங்கள் வீட்டுத் தண்ணித் தொட்டிப் பக்கம் மட்டும் கிடைக்கும்.

"உள்ள இருக்கு மச்சான். பாஸுக்கு அனுப்பி வுட்ருங்க. கேட்டுப் பார்த்து சரியானதை அனுப்புங்க, என்ன?"

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாடா?" என்றேன்.

அவன் படியிறங்கிய அதே நேரம் போனில் இன்னொன்று வந்து விழுந்தது. ராகலையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் 'அட்டைக்கடி' என்ற இசைக்குழுவின் முதல் பதிவு. உறுமுகிற சுகந்தி ஒரு பாலர் பாடசாலை டீச்சர். கிட்டார் அவள் தம்பி. டிரம்ஸ், மரக்கறி லொறி ஓட்டும் ஒரு பையன். "அண்ணே, ஒரே ஒரு பாட்டுதான். உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்று செய்தி. கேட்டவுடன் எழுதி, கையோடு ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆக, போனில் பெயரில்லாத இரண்டு ஒலிப்பதிவுகள். இரண்டும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டவை. இரண்டுக்கும் பெயருக்குப் பதிலாக நீளநீளமான எண்கள். மற்றவர்களாக இருந்தால் திறந்து கேட்டுப் பார்த்திருப்பார்கள். ரோலர் சத்தத்தைக் கேட்டு என் காதை அழுக்காக்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. மேலே இருந்ததை அந்தோணி பாஸுக்குத் தட்டிவிட்டேன். மற்றதை ஹெட்போனில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன்.

என்னவென்று சொல்வேன்! உடம்பு சிலிர்த்துப்போனது. திரும்பத் திரும்பக் கேட்டேன். தண்ணித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். சில வரிகளை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். (நானாகச் சொல்வதில்லை, சொல்லவைப்பார்கள்.)

"கிட்டார் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, அவ்வளவு தன்னடக்கம். எங்கே பேஸ் முடிகிறது, எங்கே டிரம்ஸ் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத ஒருமை. தாளம் ஓர் இம்மியும் பிசகவில்லை. அடிப்பது மனிதக் கையா, இயந்திரமா என்று ஐயுறவைக்கிறது. இரும்பு தன் தொண்டையில் தலைமுறைகளாகக் கட்டியிருந்த சளியைக் காறித் துப்புகிறது. கடைசியில் ஒரே ஒரு குரல்: 'நிறுத்துங்கடா!' இந்த மலையின் அத்தனை பரம்பரைகளும் அந்த ஒற்றைச் சொல்லில் நிமிர்ந்து நிற்கின்றன. இப்படியொரு வேதனையை நடிக்க முடியாது. ஐந்து நட்சத்திரம்."

ஏற்றினேன். உலகம் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது கீழே ஸ்டோரில் சங்கு ஊதியது. நேரங்கெட்ட நேரத்தில், விடாமல் ஊதியது.

மல்லிகா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏங்க, ஸ்டோர்ல என்னமோ ஆயிருச்சு! தியாகு!"

இருவரும் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்கினோம். ஸ்டோரில் ஒரு மிஷினும் ஓடவில்லை. மாடியில் வாடி முடிந்த கொழுந்து ரோலருக்குக் காத்துக் கிடந்தது. அதற்கு மேல் காத்தால் கெட்டுப்போகும். முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி தியாகு எண்ணிக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், அந்தோணி பாஸ் ஸ்டோர் போனுக்கு அடிச்சாரு. 'ரோலரை நிப்பாட்டு, ஆள் மாட்டியிருக்கு'ன்னு கத்துறாரு. ரெக்கோட்ல தெளிவாக் கேக்குதாம். எண்ணிப் பார்த்தா ஒராள் குறையுது மச்சான்!"

"உன்னைய எண்ணுனியாடா?" என்றாள் மல்லிகா.

தியாகு தன்னையும் சேர்த்து மறுபடி எண்ணினான். சரியாக இருந்தது.

அதற்குள் ஓர் ஆட்டோ சீறிக்கொண்டு வந்து நின்றது. கருவிப் பையோடும், கழுத்தில் செபமாலையோடும் அந்தோணி பாஸ் குதித்தார்.

"யாருங்க மாட்டுனது? உசுரு இருக்கா?"

"ஒருத்தரும் மாட்டலீங்க பாஸ்."

"மாட்டலியா? அப்ப இது என்னா? கேளுங்க!"

போனை உயர்த்திப் பிடித்து முழுச் சத்தத்தில் போட்டார். தடதடவென்று ஏதோ மலை சரிகிற மாதிரி ஓசை. நடுவில் பாறைக்கடியில் சிக்கிய எருமையின் குரலில் ஓர் உறுமல். ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு பெண் அழத் தொடங்கினாள். தூள் சலிக்கிற செல்லம்மாக்கா மட்டும் நிதானமாக முன்னால் வந்தார்.

"சும்மா இருங்க எல்லாரும். இது மனுசச் சத்தம் இல்ல. ரோதமுனி பேசுறாரு."

ரோதமுனி எங்கள் ஸ்டோர்களின் காவல் தெய்வம். ரோலர் அறை மூலையில் ஒரு கல்லும் சூலமுமாக இருப்பார். மிஷினில் யார் கையும் சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பதிலுக்கு வருடம் ஒரு பூசை, ஒரு சேவல். அந்த வருடப் பூசையை, 'கொழுந்து குறையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவைத்தது வேறு யாருமல்ல, தற்காலிக டீமேக்கர்தான்.

"நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?" என்றார் செல்லம்மாக்கா.

தியாகு கைகூப்பினான். "மத்தியானம் தொரை வந்துருவாருக்கா. கொழுந்து கெட்டுப்போகும்."

"பூசை போடாம ஒருத்தரும் சுவிச்சைத் தொடமாட்டோம். சேவலைக் கொண்டாங்க."

யாரோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடி, சிவந்த கொண்டையோடு ஒரு சேவலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். (கூட்டத்தில் வேலையில்லாமல் நின்றது நான் ஒருவன்தான்.) கற்பூரம் வந்தது. அந்தோணி பாஸ் செபமாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, முனியிடமும் சமாதானமாகவே இருப்போம் என்கிற மாதிரி ஒதுங்கி நின்றார். எதற்கும் இன்னொரு தடவை கேட்போம் என்று யாரோ சொல்ல, மறுபடியும் போட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் விமர்சகனின் வாய் அவனுடைய சொத்து அல்ல. சேவலை அணைத்தபடி, தலையை ஆட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன்:

"அடடா, டிரம்ஸ் பிரமாதம்!"

எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குமே அப்போதுதான் உறைத்தது.

"இது... முனி இல்லீங்க. எனக்கு விமர்சனத்துக்கு வந்த பாட்டு. ராகலை சுகந்தி. பாலர் பாடசாலை டீச்சர்."

"டீச்சரா?" என்றார் செல்லம்மாக்கா. "புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்குற டீச்சர் இப்பிடியா கத்துவா? யாருகிட்ட கதை வுடுறீங்க?"

ஸ்டோர் போனிலிருந்து சுகந்தியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். "தங்கச்சி, ஒண்ணும் கேக்காத. அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடு."

"இப்பவா அண்ணே? வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"பரவாயில்லம்மா. ஒராளோட வேலை போகப்போவுது. பாடு!"

ஒரு மூச்சு இழுக்கிற ஓசை. பிறகு அந்த உறுமல். ஜன்னல் தகடு அதிர்ந்தது. சேவல் என் கன்னத்தில் இறக்கையால் ஓர் அறை விட்டுவிட்டு, கொழுந்துத் தராசின் மேல் ஏறி நின்று கூவியது. பிறகு செல்லம்மாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அது முற்றம் முழுக்கப் பரவியது.

"சரி, சுவிச்சைப் போடுங்க. முனிக்கே சிரிப்பு வந்துருக்கும்."

ரோலர் அலறியது. அந்தோணி பாஸ் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தளர்ந்துபோன ஒரு போல்ட்டை இறுக்கினார். அலறல் நின்றது. கொழுந்து இறங்கியது. தியாகு சுவரில் சாய்ந்து, காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான். விட்டவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், பாட்டு பாஸுக்குப் போயிருச்சு. அப்ப விமர்சனத்துக்கு நீங்க எதைக் கேட்டீங்க?"

நான் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மல்லிகா அதை அங்கிருந்தே பிடுங்கினாள். ரோலர் ஓட ஓட, அதில் திறந்தபடியே கிடந்த விமர்சனத்தைக் கோயிலில் தேவாரம் படிக்கிற குரலில் வாசித்தாள். 'தன்னடக்கம்' என்ற இடத்தில் அந்தோணி பாஸ் இருமினார். 'மனிதக் கையா, இயந்திரமா' என்ற இடத்தில் செல்லம்மாக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். 'நிறுத்துங்கடா' வந்தபோது தியாகு கையை உயர்த்தினான்.

"அது நான் மச்சான். பயலுக பெல்ட்டுகிட்ட கையை வச்சானுங்க, சத்தம் போட்டேன். பதினெட்டு வருசமா என் அக்காவைக் கட்டியிருக்கீங்க. என் குரல் தெரியலியா?"

அந்த நேரம் பார்த்துத்தான் தொரையின் ஜீப் வந்தது. ஓடுகிற ரோலர், கற்பூரப் புகை, தராசில் சேவல், சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிய தொழிலாளர்கள். "என்ன நடக்குது?" என்றார் தொரை.

"பூசைங்க சேர்" என்றான் தியாகு, கண் இமைக்காமல்.

தொரை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இவ்வளவு சந்தோசமாக வேலை நடக்கிற ஸ்டோரை வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொன்னாராம். அந்த மாதமே தியாகு நிரந்தர டீமேக்கர். சேவலை வெட்டச் செல்லம்மாக்கா விடவில்லை. முனியே வேண்டாமென்று விட்டுவிட்டாராம். அது இன்றும் ஸ்டோர் முற்றத்தில் யாருக்கும் வழிவிடாமல் திரிகிறது.

சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்கப் பயந்துகொண்டே பேசினேன். அவளோ கத்தினாள், சந்தோசத்தில். "அண்ணே, உங்க அஞ்சு ஸ்டார் யாருக்கு வேணும்? 'ரோலரை நிப்பாட்டு, ஆள் மாட்டியிருக்கு'! இதைவிட ஒரு விமர்சனம் எங்களுக்கு எங்க கிடைக்கும்?" கசெட் வெளிவந்தபோது அட்டையில் பெரிய எழுத்தில் அந்தோணி பாஸின் அந்த வாசகம்தான் இருந்தது. கடைசிப் பாட்டாக மூன்றாம் நம்பர் ரோலரையே சேர்த்திருந்தார்கள், குரல்: தியாகு. வருடா வருடம் பூசைக்கு அட்டைக்கடி வந்து ஸ்டோர் முற்றத்தில் வாசிக்கிறது. செல்லம்மாக்கா முன்வரிசை.

எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் மிக்சி ஓடினாலும், பஸ் கியர் மாறினாலும், மாமனார் குறட்டை விட்டாலும், யாராவது என்னைப் பார்த்துக் கேட்பார்கள்: "எத்தனை ஸ்டார்?"

போன மாதம் தியாகுவுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய முதல் அழுகை, மலையையே பிளக்கிற மாதிரி வந்தது. தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். மல்லிகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சு" என்றேன். "ஆனா ஒருக்கா உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. வேற எதோட சத்தமாவும் இருந்துறப்போவுது."