ஏழாவதாக எழுதிய திடல்

நேர்மையானவன் என்று பெயரெடுக்கத் துடிக்கிறவனிடம் எந்தப் பட்டியலையும் கொடுக்கக் கூடாது. இருபத்து மூன்று வயதில் நான் அப்படித் துடித்துக்கொண்டிருந்தேன். அதன் பலனைக் காரைக்காலில் ஒரு தெருவே அனுபவித்தது.

எழுபதுகளின் கடைசி. ஓர் அலுவலகத்தில் (எது என்று கேட்காதீர்கள், தப்பு என்னுடையது) தற்காலிக எழுத்தர் வேலை. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு நடந்தால் ஊரே என் கையெழுத்துக்குக் காத்துக் கிடப்பதாக ஒரு நினைப்பு.

ஒருநாள் தலைமை எழுத்தர் ராமலிங்கம் கூப்பிட்டார். "தம்பி, காலியாக் கெடக்குற நெலமெல்லாம் மனையாப் போயிட்டிருக்கு. மிச்சத்த வாங்கி ஊருக்குன்னு வச்சுக்கப் பணம் வருது. சுத்திப் பாத்துட்டு, முக்கியமானத மொதல்ல போட்டு எழுதிக் குடுங்க. பணம் மேலேருந்து எறங்கும். தீந்த எடத்துல நின்னுரும்."

எங்கள் தெருவுக்குக் கிழக்கே ஒரு திடல் இருந்தது. பிரான்சில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் நிலம். விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. தெருவின் கல்யாணப் பந்தல், பந்து விளையாட்டு, காயப்போட்ட நெல் எல்லாம் அங்கேதான். அப்பாவின் மூச்சும் அங்கேதான். அரிசி மில்லில் காலமெல்லாம் உமித்தூசியை விழுங்கிய நெஞ்சு அவருக்கு. மாலையில் கடற்காற்று திடலைத் தாண்டி வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்து வீட்டு சுலைமான் பாய் தன் நாற்காலியோடு வந்துவிடுவார். காற்று இருக்கும்வரை அப்பாவுக்கு இருமல் வராது.

"நம்ம திடல மறந்துறாதடா" என்றார் அப்பா.

"அது எப்படிப்பா மறப்பேன்?" என்றேன். மறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தால் வேறு யாராவது நல்ல இடத்தில் சேர்த்திருப்பார்கள்.

சைக்கிளில் நாலு நாள் அலைந்து ஏழு இடங்களைக் குறித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சனி பிடித்தது. எங்கள் வீட்டில் விருந்தென்றால் வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. வந்தவர்கள் "நீங்களும் உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். நாம் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று நெளிய வேண்டும். மூன்றாவது இழுப்பில் உட்காரலாம். அரசாங்கத் தாளையும் நான் பந்தி என்று நினைத்துவிட்டேன். சொந்தத் தெருவை முதலில் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஏழாவதாகப் போட்டேன். பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்தில் யாராவது "இவ்வளவு நல்ல எடத்த ஏன் தம்பி கடைசியில வச்சீங்க?" என்று கேட்பார்கள், நான் நெளிவேன், திடல் மேலே ஏறும், கூடவே என் பெயரும் ஏறும் என்பது கணக்கு.

முதலில் எழுதியது வரிச்சிக்குடி போகும் வழியில் இருந்த ஒரு பள்ளம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் முள். அங்கே எனக்கு ஒரு கொசுவைக்கூடத் தெரியாது என்பதுதான் அதன் தகுதி. (யாரும் குறை சொல்ல முடியாது பாருங்கள்!)

கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டிருந்தது. தாளைப் புரட்டிய ஒரு பெரியவர் கடைசி வரியில் நின்றார்.

"தம்பி, உங்க வீடு இந்தத் தெருவுலதானே?"

முதல் இழுப்பு வந்துவிட்டது என்று உள்ளம் துள்ளியது. "ஆமாங்க" என்று நெளிந்தேன்.

"பாத்தீங்களா! சொந்தத் தெருவையே கடைசியில போட்டிருக்காரு. இப்படிப்பட்ட புள்ள எழுதுன வரிசையில நாம கை வைக்கலாமா?"

"இல்லீங்க, அது வந்து..."

"அடக்கத்தப் பாருங்க!" என்றார் இன்னொருவர். ஐந்து தலைகளும் ஆடின. அப்படியே கையெழுத்தாகிவிட்டது.

பணம் மூன்றாவது இடத்தோடு தீர்ந்தது. மறுநாளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நேர்மையான பிள்ளை என்ற பெயர் கிடைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. விட மனசு வரவில்லை. இதை எழுதும்போதுகூட என்னையே அறையத் தோன்றுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியைத் திடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "யாரும் கையப் புடிச்சு இழுக்கலியாடா?" என்று மட்டும் கேட்டார்.

எண்பதுகள் தொடங்குவதற்குள் திடல் மனைகளாகி, வரிசையாக மாடி வீடுகள் எழும்பின. அப்பா பழக்கத்தை விடவில்லை. மாலையானால் அதே இடத்தில் நாற்காலி, எதிரே பச்சை பெயின்ட் அடித்த சுவர்.

"என்னங்க, இன்னிக்கும் காத்தக் காணோம்?" என்பார் சுலைமான் பாய்.

"ஏழாவது எடத்துல நிக்குது பாய். வரும்" என்பார் அப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிப்பு முடிகிற இடத்தில் அப்பாவுக்கு இருமல் தொடங்கும். உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வரிச்சிக்குடிப் பள்ளத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். 'பொது இடம்' என்று பலகையும் வைத்தார்கள். நான் பார்த்தவரை அதைப் பயன்படுத்திய பொதுமக்கள் இரண்டு எருமைகள்.

இரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு மார்கழியில் அப்பா போய்விட்டார். நெஞ்சு அப்படித்தான் என்றார் டாக்டர். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாரோ என்னவோ, இன்றுவரை தெரியாது. பதினாறாம் நாள் விருந்துக்குத் திடல் இல்லாததால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த என் கையைத் தங்கை சாந்தி பிடித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, மொதப் பந்தியிலயே உக்காரு."

"இருக்கட்டும்மா, வந்தவங்க..."

"உக்காருண்ணே. உன்ன மட்டும் கடைசியில விடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒரு தடவதான் இழுப்பேன்."

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் முதல் இலை எனக்குத்தான். திடல் கதை தெரிந்த பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தாவ மொதல்ல உக்கார வைங்க, இல்லாட்டி மண்டபத்தயே வித்துருவாரு" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பாயசம் வரும்போது மட்டும் வாசலில் அப்பாவின் நாற்காலி ஞாபகம் வந்துவிடும்.