மாடி அறைக்கு மட்டும் சூடு கிடையாது

இந்தக் குளிர்காலத்தில் மாமனாரை வீட்டில் தங்க விடுவதில்லை என்று வென்டெல் சபதம் எடுத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? மனைவி வெர்னா பக்கத்தில்தான் இருந்தாள்.

மாமனார் எல்டன் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் நாற்பது வருஷம் சிங்கி இறால் பிடித்தவர். படகை விற்றுவிட்டார், பழக்கத்தை விற்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தால் வானிலைச் செய்தியைத் தவிர வேறொன்றும் ஓடக் கூடாது. போன தடவை இரண்டு வாரம் தங்கினார். வென்டெல் ஒரே ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தையாவது முழுசாகப் பார்த்திருந்தால் கேளுங்கள்! இந்தத் தடவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாடி அறையில் டேராவாம்.

அந்த நேரம் பார்த்து, நிலவறையில் இருந்து வீட்டையே சூடாக்கும் எண்ணெய் உலையின் பர்னர் மண்டையைப் போட்டது. வென்டெலுக்கு ஒரே குஷி.

புது பர்னர் மாட்ட வந்த ரஸ், "வீட்டை அளந்து குடுங்கண்ணே. எவ்வளவு இடம் சூடாகணுமோ அதுக்குத் தக்க நாசில் போடணும்" என்றான். நாசில் என்பது கட்டைவிரல் நுனியளவு பித்தளை மூக்கு. எண்ணெய் பீறிடுவது அதன் ஓட்டை வழியாகத்தான். ஓட்டை எவ்வளவோ, சூடும் அவ்வளவு.

வென்டெல் அளவு நாடாவை நீட்டினார். மறுமுனையைப் பிடித்தது வெர்னா. சமையலறை, படுக்கையறை, டிவி அறை என்று ஜன்னல் முதற்கொண்டு அளந்தவர், மாடிப்படிக்கு வந்ததும் நாடாவைச் சுருட்டிவிட்டார்.

"மாடி ரூமு?"

"அதை எதுக்குடி கணக்குல சேத்துக்கிட்டு? அங்க சூடு போற குழாயை அடைச்சுட்டாப் போச்சு."

"அப்பா வர்றாரே?"

"அதுக்காகப் பெரிய நாசில் போட முடியுமா? சின்ன வீட்டுக்குப் பெரிய நாசில் போட்டா எரியும், அணையும், எரியும், அணையும். எண்ணெய் தண்டம், புகை வேற! ரஸ்ஸைக் கேளு."

"தேவைக்கு மேல பெருசாப் போட்டா அப்படித்தான் அண்ணி" என்றான் ரஸ்.

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமோ? ஆகவில்லையே!

"அப்போ எந்த ரூமுங்க நல்லா கதகதன்னு இருக்கும்?"

"டிவி ரூமு! உலை நேர் கீழேல்ல இருக்கு? ஜனவரியிலகூட பனியனோட உக்காரலாம்!"

"நெசமாவா ரஸ்?"

"ஆமா அண்ணி."

ரஸ் மாடிக் குழாயை அடைத்தான். மணிக்கு அரை கேலன் எண்ணெய் விடும் நாசிலை மாட்டி, சுடரைப் பார்த்து, புகையைச் சோதித்துவிட்டுக் கிளம்பினான். வென்டெல் விசிலடித்துக்கொண்டே அவனை வழியனுப்பினார்.

சனிக்கிழமை சர்ச்சில் பீன்ஸ் விருந்துக்குப் பரிமாறப் போனவர், ஆட்டம் தொடங்குவதற்குள் அரக்கப் பரக்க வீடு திரும்பி டிவி அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் பனியனோடு எல்டன்.

"வாங்க மாப்ளே! என்ன சூடு, என்ன சூடு! நீங்களே அளந்து போட்ட நாசிலாமே? பொண்ணு சொன்னா. எம்மேல இவ்வளவு பாசத்தை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" கிழவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வென்டெல் சமையலறைக்கு ஓடினார். "வெர்னா! ரஸ்ஸைக் கூப்பிடு. கொஞ்சம் பெரிய நாசிலா..."

"சின்ன வீட்டுக்கா? எரியும், அணையும், எரியும், அணையும். எண்ணெய் தண்டம், புகை வேற."

"மாடிக் குழாயையாவது தொறக்கச் சொல்லேன்!"

"இருக்கிற அரை கேலனை மாடிக்கும் பங்கு போட்டா எங்கப்பாவுக்குக் குளிராதா?"

வென்டெலுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் டிவி எங்கடி?"

"மாடியில வெச்சுட்டேன். கம்பளிக் குல்லாயும் கையுறையும் நாற்காலி மேலயே இருக்கு. ஐஸ் ஹாக்கிதானே பாக்கப் போறீங்க? ஐஸுக்கு நடுவுலயே உக்காந்து பாருங்க, போங்க!"