வந்தவர் வரவில்லை

"கடல் சரியில்லைங்கய்யா. கப்பல் கேன்சல்" என்று ஐயாவு போனில் சொன்னபோது காலை மணி பத்து. நாடகம் மாலை நாலு மணிக்கு.

ஆவுடையப்பன் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார். அந்தமானில் ஒருவர் கப்பல் கேன்சல் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. கல்யாணம் தள்ளிப்போகும், பரீட்சை தள்ளிப்போகும், மாமியார் வருகைகூடத் தள்ளிப்போகும். யாரும் வானத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆவுடையப்பனும் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். மற்ற நேரமெல்லாம் நாடக ஆசிரியர். இதற்கு முன் நாலு நாடகம் போட்டிருந்தார். நாலும் சோகம். நாலுக்கும் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடிக்கிறேன் என்று தானாக வந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. இவர்தான் வீடு வீடாகப் போய், காலில் விழாத குறையாக ஆள் பிடிப்பார். தமிழ்ச் சங்கச் செயலாளர் ஜெகநாதனும் முடிவாகச் சொல்லியிருந்தார்.

"சார், இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ராதான். நாடகத்துக்கு ஒரு கும்பிடு."

இந்த நாடகத்தில் ஒரு மர்ம மனிதர் வருகிறார். புயல் நாளில், கடலோர விடுதி ஒன்றுக்கு. பெயர் கிடையாது, 'வந்தவர்' என்றுதான் ஆவுடையப்பன் எழுதியிருந்தார். அவருக்கு நிழல் விழாது. மழையில் நனைய மாட்டார். எதிரே நிற்பவர் மறைத்து வைத்ததையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பார். அதற்கு முன்பின் தெரியாத முகம் வேண்டும். போர்ட் பிளேரில் அப்படி ஒரு முகத்துக்கு எங்கே போவது? கப்பலேறிப் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில், ஒரு கல்யாண வீட்டில்தான் ஐயாவு அகப்பட்டார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஆறடி உயரம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். ஒத்திகை எல்லாம் போனிலேயே நடந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி ருக்கு.

"நாண்டுக்கிட்டுச் சாவணும்."

"அதுக்கு முன்னால பாலகுமாரைக் கேட்டுப் பாருங்க."

பாலகுமாருக்கு அபர்டீன் பஜாரில் மளிகைக்கடை. குள்ளம், தொப்பை, எப்போதும் சிரித்த முகம். கறுப்பு அங்கியைப் போட்டு, முகத்தில் மாவு பூசி மேடையேற்றினார்கள். புகைக்கு நடுவே அவர் நடந்து வந்தார்.

கீழே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, தேங்கா வந்துருச்சா?"

"நாளைக்கு வாரும், எடுத்து வைக்கேன்" என்றார் மர்ம மனிதர்.

ஆவுடையப்பன் அங்கியை உருவிக்கொண்டார்.

"இந்த ஊர்ல ஒருத்தன் மூஞ்சியக் காட்டி ஒருத்தன பயமுறுத்த முடியாது" என்றவருக்கு, அந்தப் பேச்சிலிருந்தே ஒரு யோசனை உதித்தது. முகத்தைக் காட்டினால்தானே? வந்தவர் கண்ணுக்கே தெரியாதவர் என்று மாற்றிவிட்டால்? நிழல் விழாத பிரச்சினையும் ஒழிந்தது, நனையாத பிரச்சினையும் ஒழிந்தது.

நாற்காலி தானாக நகர வேண்டும். அதன் காலில் தூண்டில் நரம்பைக் கட்டி, ஓரத்தில் நின்று இழுக்கும் வேலையைப் பாலகுமாரிடம் கொடுத்தார்கள். அவர் அரிசி மூட்டை இழுத்த பழக்கத்தில் இழுத்தார். நாற்காலி பறந்து போய், கதாநாயகி ஷோபனாவின் முழங்காலில் மோதியது.

"சார், அவர் வந்து உக்காரணும். என்னை வந்து முட்டக்கூடாது" என்றாள் ஷோபனா. பள்ளிக்கூட ஆசிரியை, வலித்தாலும் தெளிவாகப் பேசுவாள். "அதுசரி, அவரோட வசனத்தை யார் பேசுறது?"

ஆவுடையப்பன் மறுபடி ஐயாவுக்குப் போன் போட்டார். "நீங்க வர வேண்டாம். நின்ன எடத்துல நின்னு போன்ல பேசினாப் போதும். உங்க குரலை ஸ்பீக்கர்ல விடுறோம்."

"அப்ப நான் மேடைக்கு வர வேணாங்களா?"

"வேண்டாம்."

"அப்ப பேசுறேங்கய்யா. வசனமெல்லாம் மனப்பாடம்." ஐயாவுவின் குரலில் உயிர் வந்திருந்தது. பாவம், வர முடியாமல் எவ்வளவு தவித்திருப்பார் என்று ஆவுடையப்பனுக்கு நெஞ்சு கரைந்தது.

நாலு மணிக்கு நானூறு நாற்காலியும் நிறைந்தன. திரைக்குப் பின்னால் ருக்கு ஒரு கையில் போனும் மறு கையில் மைக்குமாக நின்றாள். மேடையில் இடி இடித்தது. காலி நாற்காலி சற்றே நகர்ந்தது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நீங்கள் யார்?" என்று கேட்டாள் ஷோபனா.

ஸ்பீக்கரில் கரகரப்பு மட்டும்.

"லைன் இழுக்குது, பேச்சு பிந்தித்தான் வருது" என்று ருக்கு கிசுகிசுத்தாள்.

ஷோபனா பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனாள். "என் கணவரைப் பார்த்தீர்களா?"

"நான் காலம் கடந்தவன்" என்றது ஸ்பீக்கர்.

"சரி, சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா?"

"உன் கணவன். அவன் கடலுக்கடியில் கிடக்கிறான்."

மூன்றாவது வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பக்கத்தில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் ஜெகநாதன் செல்போனை எடுத்து, எவனோ ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரனின் நம்பரைத் தேடுவதுபோல் ஆவுடையப்பனுக்குப் பட்டது. அவர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவ்வளவுதான், இருபத்து மூன்று வருஷ அந்தமான் வாழ்க்கையில் மிஞ்சியது இந்தச் சிரிப்புதான் என்று நினைத்தார்.

அப்போது ஸ்பீக்கரில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே ஐயாவுவின் குரல்.

"பையா, ஏக் டிக்கெட் தோ, பையா."

இது வசனத்தில் இல்லை. ஐயாவு எங்கோ கப்பல் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்று இந்தியில் டிக்கெட் கேட்கிறார். போன் காதில் இருப்பதையே மறந்துவிட்டார்.

"ஃபுல் ஹை. கல் ஆவோ" என்றது இன்னொரு குரல்.

சிரித்துக்கொண்டிருந்த சபை சட்டென்று அடங்கியது. நாளைக்கு வா என்ற அந்தப் பதிலைக் கேட்காதவர் அந்த மண்டபத்தில் யார்? அப்பா சாகக் கிடக்கிறார் என்று மெயின்லேண்டுக்கு டிக்கெட் கேட்டவர்கள், பிரசவத்துக்குப் போகக் கேட்டவர்கள், எல்லோரும் அந்தக் கவுண்டரில் நின்றவர்கள்தான்.

"ஐயோ, நாளைக்கு வரைக்கும் என்னால தாங்காதுங்க. நின்னுக்கிட்டே வாறேன். ஒரு ஓரமா ஏத்தி விட்டுருங்க. உசிரு போயிரும் போல இருக்குங்க."

ஷோபனா சமயோசிதக்காரி. காலி நாற்காலியின் முன் மண்டியிட்டு, ஓவென்று அழுதாள். சபைக்கு விளங்கிவிட்டது: கடலில் செத்தவன் அக்கரைக்குப் போக இடம் கேட்டுக் கெஞ்சுகிறான், அங்கேயும் இடம் இல்லை. முன்வரிசையில் இருந்த பெரிய காண்டிராக்டர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நாம்?" என்று இந்தியில் பெயரைக் கேட்டது கவுண்டர் குரல்.

"ஐயாவுங்க."

"கஹான் ஜானா ஹை?"

எங்கே போக வேண்டும்? நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பதில் வருமுன் பூம் என்று ஒரு கப்பல் சங்கு ஒலித்தது. ஸ்பீக்கரில் மட்டுமல்ல, மண்டபத்து ஜன்னல்கள் வழியாகவும் ஒலித்தது. சபை முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. அத்தோடு லைன் அறுந்தது.

பாலகுமார் பயத்தில் நரம்பை விட்டுவிட்டுத் திரையை இழுத்தார்.

பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கூட்டம் கலைய அரை மணி ஆனது. அப்புறம் ஜெகநாதன் மேடைக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டார். "சார், அந்தச் சங்கு ஜன்னல் வழியா வர்ற மாதிரி எப்படி சார் செட் பண்ணீங்க? ஆர்கெஸ்ட்ராவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடுத்த வருஷம் மூணு நாள் நாடகம். இதே நடிகர். நேர்ல வந்து நிக்கணும்."

ஆவுடையப்பன் குழந்தையைப் போல அழுதார். "நாடகத்தை விடுங்க சார். அந்த மனுசன் எப்படிக் கெஞ்சினார், கேட்டீங்களா? நின்னுக்கிட்டே வாறேன்னார். என் நாடகத்துக்கு வந்து சேரணும்னு ஒருத்தர் இப்படித் துடிச்சு நான் பாத்ததே இல்ல. பாவம், ஹட் பேயில் மாட்டிக்கிட்டார்."

மேடைப் படிக்குப் பக்கத்தில் ஆட்டோக்காரர் ரவிக்குமார் இதையெல்லாம் கேட்டபடி, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஹட் பே கப்பல் காலையிலயே வந்துருச்சு. ஐயாவு அண்ணனை இந்த கேட்டுல கொண்டாந்து எறக்குனதே நான்தான். நானூறு நாற்காலியை எட்டிப் பாத்தாரு, கைகாலெல்லாம் நடுங்கி மறுபடி ஆட்டோவுல ஏறிட்டாரு. அப்பலேருந்து ஊருக்குத் தப்பிச்சுப் போக இந்தா பக்கத்துல நம்ம போர்ட் பிளேர் கப்பல் ஜெட்டியில நின்னு அழுதவரை இப்பதான் கப்பல் ஏத்தி விட்டுட்டு வர்றேன்."