சீசாவில் வந்த முயல்

அரசாங்கம் என்று இருந்தால் உயிர்கள்மேல் இரக்கம் இருக்கத்தான் வேண்டும். அதிலும் 2004-ல் ஜீவகாருண்யம் பெரிய நாகரிகமாகிவிட்டபடியால், பெரியபட்டினம் பக்கத்து மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் அதற்கொரு குழு போட்டு, ஸ்டோர் சூப்பிரண்டு பால்சாமியைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். அதுவரை அங்கே மீனைத் தவிர வேறு உயிர் செத்ததில்லை. மீனைக் குழு உயிராக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் முருகேஸ்வரிக்கு ஆன்டிபாடி வந்து சேர்ந்தது. கடலாடியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். மீன் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கியிருக்கும் ஹார்மோன் ஏற்பி என்கிற புரதத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. ஆன்டிபாடி என்கிற இந்த மருந்து போய் ஒட்டினால்தான் புரதம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். சுண்டுவிரல் அளவு சீசா, ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. சூடு பட்டால் மருந்தும் போச்சு, பட்டமும் போச்சு.

பால்சாமி லேபிளை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். முயலிலிருந்து எடுத்தது என்று போட்டிருந்தது.

"இது முயல் இனம்மா. ஃப்ரீசர்ல வைக்க முடியாது. விறைச்சுப் போயிரும்."

"சார், முயல் எங்கேயோ வெளிநாட்டுல இருக்கு. இது அதோட ரத்தத்துல இருந்து எடுத்த தண்ணி சார்."

"நாம எல்லாருமே பாதி தண்ணிதானம்மா. அதுக்காக உன்னய ஃப்ரீசர்ல வச்சா ஒத்துக்கிருவியா?"

சொன்னதோடு விட்டாரா மனுசன்? மேற்படி முயலைச் சீசாவோடு ஒரு கூண்டுக்குள் எழுந்தருளச் செய்து, காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் ஒரு கேரட்டும் வைத்தார். இராமநாதபுரத்து வெயில் ஜம்மென்று உள்ளே வந்தது. முருகேஸ்வரிக்கு அது நாலு வருஷப் பாடு! கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் ஆகிற காரியமா?

கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயய்யோ சார்! முயல் அசையலையே! செத்துப்போச்சு சார்!" என்று கத்தினாள்.

பால்சாமி பதறிப்போய்ச் சீசாவைத் தட்டிப் பார்த்தார். அசைவில்லை.

"எடு, எடு! பிரேதத்தை வெயில்ல போடலாமா? போஸ்ட்மார்ட்டம் முடியுறவரைக்கும் ஃப்ரீசர்லதான் வைக்கணும்!" என்று அவரே தூக்கிக்கொண்டு ஓடினார். மருந்து பிழைத்தது.

மறுநாள் கால்நடை டாக்டர் தாஜுன்னிசா வந்தார். சீசாவைப் பார்த்தார், பால்சாமியைப் பார்த்தார்.

"இதுல முயலே இல்லீங்களே" என்றார்.

"நேத்து செத்ததுக்கு நானே சாட்சி! அப்ப பிரேதம் எங்கே?" என்று குதித்தார் பால்சாமி. செத்த முயல் எழுந்து ஓடாது, ஆகவே ஆபீசில் யாரோ தின்றிருக்க வேண்டும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. "இனி இது வெறும் சீசாதானம்மா, எடுத்துக்கிட்டுப் போ" என்று மருந்தை முருகேஸ்வரி கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே மீன் செல்மேல் சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உட்கருக்கள் பச்சைப்பசேலென்று மின்னின. அடி ஆத்தி, அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

ஆனால் பட்டத்துக்கு முன்னாடி சேதி கடலாடிக்குப் போய்விட்டது. டாக்டராகி வீடு வந்தவளை அம்மா ராக்கு வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்டி, ஆபீசு முயலை எல்லாருமாச் சேந்து தின்னுட்டீகளாமே?"

"ஐயோ, இல்லம்மா! அது வெறும் தண்ணிம்மா!"

"ஓகோ, ரசம் வச்சீகளாக்கும். பெத்தவளுக்கு ஒரு கிண்ணம் கொண்டாரணும்னு தோணுச்சா? உன்னையெல்லாம் படிக்க வச்சு என்ன பிரயோசனம்!"