இறக்கத்தில் எஞ்சினை அணைப்பவர்

கருமி, ஊதாரி, கடன் சொல்பவர் என்று மனிதரில் பல பிரிவுகள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் வாசலுக்கொரு கார் வந்துவிட்ட இந்தத் தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் புதிதாக ஒரு பிரிவு தோன்றியிருக்கிறது. மைலேஜ்காரர். உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர், வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, "இது எத்தற கிட்டும்?" என்று லிட்டர் கணக்கை விசாரித்த பிறகே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டால், சந்தேகமே வேண்டாம். அவர்தான்.

செங்கல் ஊர்க்காரர் ராபின்சன் இந்த இனத்தின் மூத்த குடி. மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கும் எஞ்சினும், முன்னிருக்கைகளுக்குப் பெல்ட்டும், ஏசியும் உள்ள புத்தம்புதிய காரை வாங்கினார். வாங்கியவற்றைப் பயன்படுத்துவார் என்றா நினைத்தீர்கள்? ஏசி பெட்ரோல் குடிக்கும். ஆகவே கண்ணாடிகளை மட்டும் ஏற்றிவிட்டு, உள்ளே இருப்பவர்களை அவித்து, வெளியே இருப்பவர்களைப் பொறாமைப்பட வைப்பார். பெல்ட்டோ, கஞ்சி போட்ட ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கசக்கும். ஆகவே போலீஸ்காரரின் தொப்பி தெரிந்தால் அதை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்வார், தொப்பி மறைந்ததும் விட்டுவிடுவார்.

இவையெல்லாம் சில்லறை. இறக்கத்தைக் கண்டதும் எஞ்சினை அணைத்து, வண்டியை நியூட்ரலில் உருளவிடுவதில்தான் அவருடைய உயிரே இருந்தது.

"அப்பா, இது புது எஞ்சின். இறக்கத்துல கியர்ல போட்டுக் காலை எடுத்தாலே பெட்ரோல் தானா நிக்கும். புக்குல போட்டிருக்கு" என்பாள் மகள் ஜிஜா. அவளிடமும் லைசென்ஸ் உண்டு.

"புக்கு எழுதினவன் அம்பூரி இறக்கத்தைக் கண்டிருக்கானா மக்கா?"

அந்த இறக்கத்துக்கே வருவோம். அம்பூரி ரப்பர் தோட்டக்காரர் பொன்னுதாஸின் மகன் ஜாய்க்கும் ஜிஜாவுக்கும் கல்யாணப் பேச்சு. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, பொன்னுதாஸ் பெண்வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. அவரோ லேசில் பிடிகொடுக்காதவர். எத்தனை முறை சந்தித்தாலும் 'சாரே' என்ற சொல்லைத் தாண்டி ஓர் அங்குலம் நெருங்காதவர். அம்பூரி ஆலயத்தில் அசன விருந்து முடிந்ததும் அவரைக் காரில் செங்கலுக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. புறப்படுமுன் ஜிஜா கெஞ்சினாள்.

"அப்பா, இண்ணைக்கு ஒருநாள் ஆஃப் பண்ணாதீங்க."

"சத்தியமாட்டு இல்ல மக்கா."

பின்னிருக்கையில் தாய் தங்கபாயோடு அமர்ந்த ஜிஜாவின் வற்புறுத்தலுக்காக, முன்னிருக்கையில் பொன்னுதாஸ் மனமில்லாமல் பெல்ட்டை மாட்டினார். இறக்கத்தின் உச்சி வரை ராபின்சன் சத்தியத்தைக் காத்தார். அப்போது பொன்னுதாஸ் கேட்டார்:

"இது எத்தற கிட்டும், சாரே?"

"இருபத்திரண்டு!"

"அவ்வளவுதானா? எனக்க அளியன் வண்டிக்கு அதுக்கும் மேல உண்டு."

ஒரு மச்சினனின் வண்டி முந்துவதை எந்தச் சத்தியம் தாங்கும்? சாவி திரும்பியது. எஞ்சின் அடங்கியது. ரப்பர் மரங்கள் சத்தமில்லாமல் பின்னால் ஓடின.

"இஞ்ச பாருங்க, சத்தியம் பண்ணினீங்க இல்லியா?" என்றாள் தங்கபாய்.

"ஒண்ணும் வராது, சும்மா இரு."

முதல் வளைவில் பிரேக் பணிந்தது. அடுத்த வளைவில் முனகியது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் விசையும் நின்றுபோகும் என்பது அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. மூன்றாம் வளைவில் மிதித்தபோது பெடல் பாறையாக நின்றது.

"கர்த்தாவே!"

"அப்பா, ஹேண்ட் பிரேக்!"

அதை அவர் இழுத்த இழுப்பில் கார் சாலையை விட்டுத் திட்டில் ஏறி, ஒரு ரப்பர் மரத்தை மெல்ல முட்டி நின்றது. மரத்தில் பால் வடியக் கட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து, பால் முழுவதும் கண்ணாடியில் வழிந்தது.

யாருக்கும் காயமில்லை. பொன்னுதாஸ் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். வாங்கிய நாள் முதல் துடைக்கப்படாத அந்தப் பெல்ட், அவருடைய வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை கறுப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அவர் பம்பரைப் பார்த்தார். மேலே இறக்கத்தைப் பார்த்தார். கல்யாணம் போயிற்று என்று ஜிஜா கண்களை மூடிக்கொண்டாள்.

பொன்னுதாஸ் ராபின்சனின் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி... அந்த மேல்வளைவுல இருந்து இங்க வரை ஒரு துள்ளி பெட்ரோல் செலவில்ல, இல்லியா?"

"ஒரு துள்ளி இல்ல."

"எனக்க ஜீப்பை நான் அதுக்கும் முன்னால, சிலுவை நிக்கிற குருசடி பக்கமே ஆஃப் பண்ணுவேனாக்கும்!"

ஜிஜா கண்களைத் திறந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கூடவே, இனி அவளுக்கு அப்படிப்பட்ட அப்பாக்கள் இரண்டு பேர் என்பதும். அவள் இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"சாவி. ரெண்டு பேரும் பின்னால கேறுங்க."

தங்கபாய் முன்னால் வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஜிஜா கண்ணாடியைத் துடைத்து, எஞ்சினை முடுக்கி, செங்கல் வரை கியரிலேயே ஓட்டினாள். ஒவ்வோர் இறக்கத்திலும் பின்னிருக்கையில் இரண்டு பெருமூச்சுகள் ஒன்றாகக் கிளம்பின.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். ராபின்சன் 'இருபத்திரண்டு' என்றாரே, அந்த இடத்தில் உங்கள் வண்டிக்கு எத்தனை என்று ஒருகணம் நினைத்துப் பார்க்காமலா இதுவரை வந்தீர்கள்?